நகமுள்ள பறவையைப் பார்க்கப் போனோம்



சில வருடங்களுக்கு முன் பத்தாம் ஆண்டு வகுப்பில் உண்ண ஆகுமானவை, ஆகாதவை என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நகத்தால் பற்றிக் கிழித்து உண்ணும் பறவைகள் ஆகாதவை என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "சேர், அப்பிடியான பறவை எங்கட ஊரில என்னென்ன இருக்கு?" என்று கேட்டார். "பருந்து" என்றேன். "பிறகு?" என்றார். "கழுகு" என்றேன். "கழுகு எங்கட ஊரில எங்க சேர் இருக்கு?" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு விடை தெரியாது. அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் உகாப், ஸக்ர், பாஸீ, நஸ்ர், ஹிதஆ என்று இந்தப் பறவைகளின் பெயர்களை வரிசையாக மனனம் செய்தவன் நான். எட்டாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் தமீரீ, ஹயாத்துல் ஹயவான் என்ற தம் பெரிய நூலில் ஒவ்வொரு பிராணியையும் அகர வரிசைப்படி எடுத்து, அதன் குணம், அதைப் பற்றிய கதைகள், அதை உண்பதன் சட்டம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த ஓர் ஆலிம் அவர். அந்த நூலின் பக்கங்களை நான் புரட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் வயல் வெட்டைக்கு மேலே தினமும் வட்டமிடுகிற பறவைக்கு என்ன பெயர் என்று கேட்டால் வாய் அடைத்துப் போகிறது. கிதாபில் பார்த்த பறவையை மரத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாதவன் எப்படிப்பட்ட ஆசிரியன் என்று அன்றிரவு யோசித்தேன்.

அந்த வெட்கத்தில் தொடங்கியதுதான் எங்கள் சனிக்கிழமை நடை.

எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் இருக்கிறது. கிழக்கே களப்பு, மேற்கே வயல், வயலுக்கு அப்பால் குளம், குளத்துக்கு அப்பால் பற்றைக்காடு. சுபஹுக்குப் பிறகு நான்கைந்து மாணவர்களோடு புறப்படுவோம். ஆனால் விடிந்தும் விடியாமலும் குளக்கட்டில் ஏறுவதில்லை. முதலில் வயற்காவல்காரர் ஒருவரைப் பார்ப்போம். "ராவைக்கு ஆனை வந்திட்டுப் போயிருக்கு மௌலவி, வெயில் வரட்டும்" என்று அவர் சொன்னால் அவருடைய வாடியில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் மேலே போவோம். இதை எழுதுவது வாசகர்களைப் பயப்படுத்த அல்ல. பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைக்கும் வாப்பாமார் இதைத்தான் முதலில் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

போன பிறகுதான் தெரிந்தது, நாம் "பருந்து" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பறவைகளைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம் என்று. தலையும் நெஞ்சும் வெள்ளையாக, மற்றதெல்லாம் செங்கல் நிறமாக இருப்பது செம்பருந்து. அயலிலுள்ள இந்துச் சகோதரர்கள் கருடன் என்று மதிப்போடு பார்ப்பது இதைத்தான். உழவு மெசின் சேற்றில் இறங்கினால் பின்னாலேயே வந்து தவளையையும் நண்டையும் பொறுக்கும். களப்பின் பக்கம் போனால் இதைவிட மிகப் பெரிய ஒன்று இருக்கிறது. வயிறு வெள்ளை, சிறகு சாம்பல். இரண்டு சிறகையும் விரித்தால் ஓர் ஆள் உயரத்தையும் தாண்டி ஏறத்தாழ இரண்டு மீற்றர் வரும். மிதக்கும்போது சிறகுகளைச் சற்று மேல்நோக்கித் தூக்கி வைத்திருக்கும். அது வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு. ஆக, "எங்கட ஊரில கழுகு எங்க?" என்று கேட்ட பிள்ளைக்குரிய விடை பள்ளிவாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

வயல் நடுவில் மின்கம்பியில் புறா அளவில் ஒன்று உட்கார்ந்திருக்கும். உடல் வெள்ளையும் சாம்பலும், தோளில் கறுப்பு, கண் இரத்தச் சிவப்பு. எழுந்தால் ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு கயிற்றில் தொங்கவிட்டாற்போல் நின்று கீழே பார்க்கும். எலிதான் அதன் முக்கிய உணவு. விவசாயிக்குச் சம்பளமில்லாத காவற்காரன் என்று அதைச் சொல்லலாம். காட்டோரத்துப் பட்ட மரத்தில் பெரும்பாலும் அசையாமல் இருப்பது பாம்புக் கழுகு. பின்தலையில் குடுமி, கால்களில் இறகு இல்லாமல் மஞ்சள் செதில். அதே காட்டில் இன்னொரு குடுமிக்காரன் உண்டு. அதன் குடுமி நீண்டு நிமிர்ந்து நிற்கும், காலில் விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும். இரண்டும் தூரத்தில் ஒன்று போலவே தோன்றும். காலைப் பார்த்தால் குழப்பம் தீரும். ஐப்பசி பிறந்தால் வடதேசத்திலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். நெற்பயிருக்கு மேலே தாழ்வாக, தேடித்தேடிப் பறக்கும் பூனைப்பருந்துகளும், மீனுக்காகக் குளத்தில் காலை முன்னீட்டிப் பாய்கிற விராலடிப்பானும் அவர்களில் சிலர். பங்குனியளவில் இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். செத்த பிராணிகளைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு மட்டும் நம் நாட்டில் குடியிருப்பதில்லை. அது இந்தியக் கரையோடு நின்றுவிட்டது.

ஷாஹீன் என்ற பாரசீகப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பவர்கள் நம்மிடையே பலர். அந்தப் பெயருக்குரிய வல்லூறு இலங்கையிலும் இருக்கிறது. செங்குத்தான பாறை முகத்தில் கூடு வைக்கும். சீகிரியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சுவரோவியத்தைப் பார்த்துவிட்டு இறங்கும்போது ஒருதரம் தலையைத் தூக்கிப் பாறையையும் பார்க்கட்டும்.

காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல் நிலம் சூடேறும். சூடான காற்று மேலே எழும். பெரிய பறவைகள் அந்தக் காற்றில் ஏறி உட்கார்ந்து, ஒரு தரம்கூடச் சிறகடிக்காமல் வட்டம் வட்டமாக மேலே போகும். இரவில் ஸூரத்துல் முல்கை ஓதுகிற பழக்கமுள்ளவர்கள் அதில் பறவைகள் சிறகை விரிப்பதையும் மடக்குவதையும் பற்றி வரும் இடத்தை அறிவார்கள். நான் எத்தனையோ ஆண்டுகள் ஓதியிருக்கிறேன். அந்தக் குளக்கட்டில் மல்லாந்து கிடந்து பார்த்த பிறகு அந்த இடம் வரும்போது நாக்குத் தானாகவே மெதுவாகிவிடுகிறது.

இனிக் கெமராவுக்கு வருகிறேன்.

உயிருள்ளவற்றைப் படம் பிடிக்கலாமா என்று சிலர் இந்நேரம் பேனாவை எடுத்திருப்பீர்கள். இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள், கெமரா செய்வது கண்ணாடியில் விழும் நிழலைப் பிடித்து நிறுத்துவது போன்றதுதான், புதிதாக உருவம் சமைப்பது அல்ல என்று சென்ற நூற்றாண்டில் எழுதினார்கள். அதை ஏற்காத பெரியோர்களும் இருக்கிறார்கள். நான் முதற் கருத்தில் இருப்பவன். மாற்றுக் கருத்துடைய வீட்டுப் பிள்ளைகள் எங்களோடு வருகிறார்கள். அவர்கள் கையில் தூரக்கண்ணாடியும் கொப்பியும் இருக்கும். பல சமயம் அவர்களே எங்களைவிட அதிகம் பார்க்கிறார்கள்.

கத்தாரில் வேலை செய்த மச்சான் கொண்டுவந்த கெமராவும் 300 மில்லிமீற்றர் லென்ஸும்தான் என்னிடம் இருப்பவை. கைபேசியால் இந்த வேலை ஆகாது, பறவை மிளகு போலத் தெரியும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் செக்கனில் 1600 இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்குக் குறைந்தால் சிறகு நுனி மங்கிவிடும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வெளிச்சமான வானத்தைப் பின்புலமாக வைத்து எடுத்தால் பறவை கரித்துண்டு போலாகும், அப்போது வெளிச்சத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். செம்பருந்தின் தலையில் வெயில் விழும்போது அதற்கு நேர்மாறு, கொஞ்சம் குறைக்காவிட்டால் வெள்ளை இறகெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போலத் தட்டையாகிவிடும். குவியம் கண்ணில் இருக்க வேண்டும். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் படம் உயிரோடு இருக்கும்.

இவற்றை ஒரு மாதத்தில் பழகலாம். பறவையை எப்படி நெருங்குவது என்பதுதான் நாட்பட்ட பாடம். நேராக நடக்கக்கூடாது, வேறெங்கோ போகிறவர்போல் சாய்ந்து சாய்ந்து போக வேண்டும். கண்ணோடு கண் பார்க்கக்கூடாது. அது தலையை நீட்டி உடலை ஒடுக்கி நம்மையே பார்த்தால் நாம் வரவேண்டிய எல்லைக்கு வந்துவிட்டோம். முன்னே குனிந்து எச்சமிட்டால் பறக்கப் போகிறது. அந்த நேரத்தில் நின்றுவிட வேண்டும்.

நான் ஒருநாள் நிற்கவில்லை. இந்த மாதம் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் மாசி மாதம். பெரும்போக வெள்ளாண்மை அறுவடைக்கு நின்றது. வாய்க்கால் ஓரத்து மருத மரத்தில் செம்பருந்து கூடு வைத்திருப்பதை மாணவர் ஒருவர் கண்டுபிடித்தார். சுள்ளிகளால் கட்டிய கூடு. அதில் ஒரு பறவை அசையாமல் படுத்திருந்தது. ஒன்றோ இரண்டோ முட்டைதான் இடும், நான்கு கிழமையளவு அடைகாக்கும் என்று நானே பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னேன். சொல்லிவிட்டு, கூட்டோடு சேர்த்து ஒரு படம் வேண்டும் என்று முன்னே போனேன். மரத்துக்கு இருபது அடி தூரம் வந்ததும் அது எழுந்தது.

எழுந்தது போய்விடவில்லை. எங்கள் தலைக்கு மேலே, பூனைக்குட்டி அழுவது போன்ற குரலில் கத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு தரம் என் தொப்பிக்குச் சற்று மேலாக வந்து திரும்பியது. இவ்வளவு கிட்டத்தில் பருந்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நகங்களின் வளைவு, கண்ணின் நிறம், வாலை விசிறியாக விரித்துத் திரும்பும் விதம் எல்லாம் லென்ஸில் நிறைந்து நின்றன. ஒன்று, இரண்டு என்று எடுக்க எடுக்க ஆசை கூடியது. இப்போது இறங்கும், இறங்கும்போது ஒன்று எடுத்துவிட்டுப் போவோம் என்று நின்றேன். நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். அது எவ்வளவு நேரம் என்று பிறகு படங்களிலிருந்த நேரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வெயில் ஏறிவிட்டது. இரண்டு காகங்கள் வந்தன. ஒன்று கூட்டின் விளிம்பில் குந்தியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு மண்ணாங்கட்டி எறிந்து அவற்றைக் கலைத்தார்கள். அதன் பிறகுதான் எனக்குச் சுரணை வந்து, வாருங்கள் போவோம் என்றேன். நாங்கள் குளக்கட்டுக்கு அப்பால் மறைந்த பின்பே அது கூட்டில் இறங்கியதைத் தூரக்கண்ணாடியில் பார்த்தோம்.

அடுத்த சனிக்கிழமை கூட்டில் பறவை இல்லை. மூன்று மணித்தியாலம் தூரத்தில் இருந்து பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. "அது கூட்ட உட்டிட்டுப் போயிட்டு மௌலவி" என்றார் வயற்காவல்காரர். காகம் முட்டையைக் கொத்தியதா, வெயிலில் முட்டை கெட்டதா, வேறு ஏதாவது காரணமா, நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாற்பது நிமிடம் அந்த மரத்தடியில் நின்றது நான்தான் என்பது மட்டும் நிச்சயம்.

இதற்கிடையில் அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பாடசாலைச் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டியிருந்தோம். எல்லாரும் பாராட்டினார்கள். "மௌலவிக்கு இப்பிடியும் ஒரு கை இருக்கா!" என்று ஆசிரியர் அறையில் பேச்சு. படத்துக்குக் கீழே ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அன்று என்னோடு வந்த மாணவர் பேனாவோடு வந்து, மெதுவாக, "சேர், அந்தப் பறவை ஏன் அவ்வளவு கிட்ட வந்தது எண்டு எழுதவா?" என்று கேட்டார். குத்திக்காட்டும் பிள்ளை அல்ல. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் ஊசிகளைக் கழற்றிப் படத்தை எடுத்துவிட்டேன்.

பயணம் ஒன்றில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்துக்கொண்டு வந்ததும், நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இதன் குஞ்சுகளை எடுத்து இதை வருத்தியவர் யார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பாக வருகிறது. இந்த ஹதீஸைப் பரீட்சைக்கு எத்தனை முறை நடத்தியிருப்பேன்! தாய்ப்பறவை சிறகடித்துக்கொண்டு தலைக்கு மேலே வருவது எப்படியிருக்கும் என்று அன்று நேரிலே பார்த்தும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நல்ல வெளிச்சம் என்றுதான் நினைத்தேன்.

இதை மாணவர்களிடம் வாய்விட்டுச் சொன்னேன். ஆசிரியர் தன் பிழையைப் பிள்ளைகளிடம் சொன்னால் மரியாதை போய்விடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

சொன்ன அன்றுதான் வேறொரு மாணவர் கேட்டார்: "சேர், ஹரம் எல்லைக்குள்ளயே கொல்லலாம் எண்டு சொன்ன அஞ்சில பருந்தும் ஒண்டுதானே? பிறகு அதுக்காக ஏன் கவலைப்படணும்?" நல்ல கேள்வி. ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பில் காகம், ஹிதஆ, தேள், எலி, கடிக்கும் நாய் ஆகியவை வருகின்றன. கிதாபு ஓதியவர்களும் இதில் சறுக்குவதுண்டு. அந்த ஐந்தையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு, அவை மனிதனுக்கு விளைவிக்கும் தீங்கு என்று இமாம்கள் பலர் விளக்குகிறார்கள். நாயில்கூடக் கடிக்கும் நாய் என்று குறித்தே சொல்லப்பட்டிருக்கிறது. இஹ்ராமில் இருப்பவன் தன் பொருளையும் உடலையும் காத்துக்கொள்ள வழிவிட்ட ஒரு சலுகை அது. மருத மரத்தில் தன் பாட்டில் முட்டைமேல் படுத்திருந்த பறவை என்னை எதுவும் செய்யவில்லை. நான்தான் அதனிடம் போனேன். அதோடு நாட்டின் சட்டமும் இருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்தப் பறவைகளைக் கொல்வதோ, முட்டை, கூடு ஆகியவற்றை எடுப்பதோ குற்றம். ஹலால் ஹராம் பேசுகிற நாம் சட்டத்தை மதிப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் அல்லவா?

கோழிக்குஞ்சை இழந்த உம்மாமார் இதைப் படித்துவிட்டு என்னை ஏசுவார்கள் என்பது தெரியும். என் வீட்டிலேயே ஏச்சு உண்டு. பருந்து குஞ்சு தூக்குவது உண்மை. ஆனால் முற்றத்தில் காணாமல் போகும் குஞ்சுகளில் காகத்துக்கும் கீரிக்கும் பூனைக்கும் உள்ள பங்கையும் பருந்தின் தலையிலேயே எழுதிவிடுகிறோம். முதல் சில கிழமைகளுக்குக் குஞ்சுகளைப் பழைய மீன்வலை கட்டிய கூட்டுக்குள் விட்டால் இந்த நான்கு பேரிடமிருந்தும் தப்பலாம். என் மனைவி அப்படித்தான் செய்கிறா. இந்த முறை அடை வைத்த எட்டில் ஏழு குஞ்சு நிற்கின்றன. ஒன்று எங்கள் பூனையின் கணக்கு.

இப்போது எங்கள் நடைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கூடு கண்டால் அந்த வழியே போவதில்லை, இடத்தை வெளியாருக்குச் சொல்வதுமில்லை. கைபேசியில் பறவையின் குரலைப் போட்டு அழைப்பதில்லை. உட்கார்ந்திருப்பதைப் பறக்கும் படத்துக்காகக் கைதட்டி எழுப்புவதில்லை. கெமராவுக்குள் பார்க்கும் ஒருவர் பக்கத்தில் மணிக்கூட்டைப் பார்க்கும் ஒருவர் எப்போதும் நிற்பார். பத்து நிமிடம் ஆனதும் அவர் தோளில் தட்டுவார். தட்டினால் நடந்துவிட வேண்டும், மௌலவியானாலும் சரி. இந்தக் கடைசி விதி பிள்ளைகள் சேர்த்தது.

இந்த மாசியில் அதே வாய்க்கால் ஓரத்தில், நான்கு மரம் தள்ளி ஒரு செம்பருந்துச் சோடி கூடு வைத்தது. பழைய சோடிதானா என்று கேட்காதீர்கள். குளக்கட்டிலிருந்தே பார்த்தோம், இருநூறு மீற்றருக்குக் குறையாது. சித்திரைப் பிறப்புக்குச் சற்று முன், கூட்டின் விளிம்பில் கபில நிறத்தில் ஒரு குஞ்சு எழுந்து நின்று சிறகை உதறிப் பார்த்தது. 300 மில்லிமீற்றர் லென்ஸில் அது அரிசிமணி அளவுதான் விழுந்தது. சுவர்ப் பத்திரிகையில் ஒட்டினோம். எங்கே, எங்கே என்று எல்லாரும் கேட்கிறார்கள் என்று பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டார், முன்பு குறிப்பு எழுத வந்த அதே மாணவர்.